எட்டாவது குறை

என் மகளின் வலது கண்ணைப் பற்றி யாராவது கேட்டால், நான் முதலில் எங்கள் எதிர்வீட்டுக்காரரைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பிப்பேன். கேட்டவர்கள் கொஞ்ச நேரம் பொறுமையாக இருப்பார்கள். பிறகு, "அது சரிங்க, பிள்ளைக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்பார்கள். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்பேன். இப்போதும் அப்படித்தான். சுருக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் 'புரூஃப் பாய்' என்போம். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. காலை ஏழு மணிக்கு விருதுநகரில் பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புவார். தினசரிக் காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும்.

"ஊருக்கெல்லாம் நல்ல நேரம் நான்தான் பாக்கேன் அண்ணாச்சி. எனக்குத்தான் நேரமே கெடைக்க மாட்டேங்குது" என்பார். என்னைவிட இரண்டு வயது இளையவர். அதனால் நான் அண்ணாச்சி, என் மனைவி அவருக்கு மைனி.

கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அவர் மரம் அறுப்பார். மரம் என்றால் பெரிய மரமில்லை. பிளைவுட் பலகை. அதை அறுக்க ஒரு சின்ன மெஷின் வைத்திருந்தார். ஸ்க்ரோல் சா என்று பெயர். பார்ப்பதற்குத் தையல் மெஷின் மாதிரியே இருக்கும். ஊசி இருக்கிற இடத்தில் நூல்போல ஒரு மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடும். படம் வரைந்த தாளைப் பலகையில் ஒட்டி, பலகையை இரண்டு கையாலும் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் மயில் வரும், கோலம் வரும், பெயர்ப்பலகை வரும். எங்கள் தெருவில் அதற்கு 'மரத் தையல் மெஷின்' என்று பெயர். "என்ன பாய், இன்னைக்கு எந்தப் பலகைக்குச் சட்டை தைக்கீக?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் செய்ததை விற்க மாட்டார். கேட்டவர்களுக்குச் செய்து கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு பழக்கம். பொருளை நம் கையில் வைப்பதற்கு முன்னால், அதைத் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைப்பார்.

"இங்கன பாருங்க. கொறை."

நாம் பார்ப்போம். ஒன்றும் தெரியாது. "நல்லாத்தான இருக்கு பாய்" என்போம்.

"இல்லை, நல்லாப் பாருங்க. இந்த வளைவுல ஒரு நெளிசல் இருக்கு. பிளேடு சூடேறிருச்சு, நான் நிறுத்திருக்கணும். நிறுத்தல."

நமக்கு நெளிசல் தெரிகிற வரைக்கும் விடமாட்டார். தெரிந்த பிறகு அந்த மயிலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நெளிசல்தான் தெரியும். என் வீட்டுச் சுவரில் அவர் கொடுத்த கடிகாரம் இருக்கிறது. மணி பார்க்க நிமிர்ந்தால், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிற கீறலைப் பார்த்துவிட்டு, மணி பார்க்காமல் குனிந்துவிடுவேன்.

அடுத்த தெருவில் பேட்டரிக் கடைக்காரர் ஒருவர் புது வீடு கட்டினார். 'அன்னை இல்லம்' என்று பலகை அறுத்துத் தரச் சொன்னார். தமிழ் எழுத்தைப் பலகையில் அறுப்பதில் ஒரு தொல்லை உண்டு. மெய்யெழுத்தின் மேலே புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. காகிதத்தில் நிற்கும், பலகையில் நிற்குமா? அதனால் பாய் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மெல்லிய காம்பு விட்டு, எழுத்தோடு சேர்த்தே அறுப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் காம்பு தெரியாது, புள்ளி மட்டும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கிரகப்பிரவேசத்தன்று செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். வாசலில் கூட்டம். பேட்டரிக் கடைக்காரர் பட்டு வேட்டியில் நின்று வாங்கிக்கொண்டார். எல்லோரும் 'அடடா' என்றார்கள். பாய் விரலை வைத்தார்.

"கொறை. 'இல்லம்'ல மொத 'ல'வுக்குப் புள்ளி இல்லை. தேய்க்கும்போது காம்பு ஒடஞ்சு விழுந்திருக்கு. நான் கவனிக்கல. 'இலலம்'னு ஆகிப்போச்சு."

பேட்டரிக் கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் பாய், இம்புட்டுப் பேருக்கு நடுவுலயா சொல்லணும்? நீங்க சொல்லாட்டி யாரு பாக்கப் போறா?"

"என்னைக்காவது ஒரு நாள் ஒருத்தன் பாப்பான். அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல நின்னு உங்களக் கேப்பான். அதுக்கு இன்னைக்கே இத்தன பேரும் என்னையக் கேட்டுரட்டும்" என்றார் பாய். பிறகு சாப்பிடப் போய்விட்டார். இரண்டு பந்தி முடிகிற வரைக்கும் வந்தவர்கள் எல்லோரும் பலகைக்குக் கீழே நின்று புள்ளி தேடினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு பலகை வந்தது. அதில் வேறு குறை.

அவர் மனைவி சொன்ன கதையை என் மனைவி அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, பேச்சு ஆரம்பிக்கும் முன்னாடியே, 'எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம்'னு சொன்னாக மைனி. எங்க வாப்பாவுக்கு அதுலயே பிடிச்சுப் போச்சு. உண்மையான ஆளுன்னு முடிச்சிட்டாரு. கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு, நான் சொன்னா வலது காதும் கேக்காதுன்னு."

அச்சகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் காலண்டரில் ஒரு திங்கட்கிழமைத் தாளில், காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம் என்று இருக்கிறது. அது சரி. அதற்கு மேல் வரியில் நல்ல நேரமும் ஏழரையிலிருந்து ஒன்பது. லோடு ஏறி, பாதி ஊர்களுக்குப் போன பிறகு பாய் அதைப் பார்த்திருக்கிறார். வேறு யாரும் பார்க்கவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போய், தாளை மேஜையில் வைத்து விரலை வைத்திருக்கிறார்.

"ஏன்யா, லோடு போன பெறகா வந்து சொல்லுவ? இதுக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்ல" என்று முதலாளி கத்தியிருக்கிறார்.

"அதுவும் யோசிச்சேன் மொதலாளி. அன்னைக்குக் காலைல ஒருத்தன் தாலி கட்டிட்டுப் பிறகு தாளப் பார்த்தான்னா?"

கடைகளுக்கெல்லாம் ஒட்டுச்சீட்டு அனுப்பினார்கள். குடோனில் மிச்சமிருந்த கட்டுகளில் பாயே உட்கார்ந்து ஒட்டினார். வேலை போகவில்லை. "மொதலாளிக்கு எம்மேல கோவம் தீரவே இல்லை அண்ணாச்சி. ஆனா இப்ப எந்தத் தாளுல சந்தேகம்னாலும் என்னையத்தான் கூப்பிடுதாரு" என்றார்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. நான் சூலக்கரையில் அரசு அலுவலகத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவன். எங்களிடம் ஒரு குறை வெளியே வர வேண்டுமென்றால் மூன்று மேஜைகளைத் தாண்ட வேண்டும். தாண்டி வருவதற்குள் அது யாருடைய குறை என்பது எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும். நாங்கள் எழுதுகிற தமிழே அப்படி. 'கோப்பு காணாமற்போயுள்ளது' என்று எழுதுவோம். தொலைத்தேன் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

பாயைப் போல மரம் அறுக்கிற பைத்தியங்கள் மாவட்டத்தில் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். ஒரு வாட்ஸப் குழு. சாத்தூரில் ஒரு பஸ் கண்டக்டர் பஸ்ஸாகவே அறுப்பார். அருப்புக்கோட்டையில் ஒரு டீச்சரம்மா, கோலம் அறுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எல்லோரும் படம் போட்டால் கீழே பூக்கள் குவியும். பாய் போட்டால், படத்துக்கு முன்னாலேயே எழுத்து வரும்: 'இடது இறக்கையில் கோணல். மன்னிக்கவும்.'

டீச்சரம்மா ஒரு நாள் குரல் பதிவு அனுப்பினார். "பாய், நீங்க கொறையச் சொல்லிட்டுப் படம் போடுறதுனால, நாங்க கோணலத் தேடுறோம். கடைசி வரைக்கும் அது மயிலா கொக்கான்னு யாருமே பாக்கல. மொதல்ல பறவையப் பாக்க விடுங்க!"

ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது. அடுத்தவர் குறையைச் சொல்ல மாட்டார். டீச்சரம்மா தன் கோலத்தைப் போட்டு, "பாய், இதுல கொறை சொல்லுங்க பாப்போம்" என்று சவால் விட்டபோதுகூடச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நேரிலேயே கேட்டேன்.

"அடுத்தவுக தப்பக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் குடுக்காக. அது சிவகாசியோட போச்சு. இங்க வந்தா அவுகவுக கொறைய அவுகவுகதான் காட்டணும்" என்றார்.

எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம். நான் பயந்தவன். மகளுக்கு நிவேதா என்று பெயர் வைத்த நாளிலிருந்து பயம். சைக்கிளில் போனால் பயம், பள்ளி வேன் பத்து நிமிடம் தாமதமானால் பயம். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு மட்டும்தான், அதுவும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. எங்கள் பக்கம் எங்கேயாவது தூரத்தில் 'டம்' என்று கேட்டால், அலுவலகத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுப்போம். மற்றவர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். அவள் பள்ளிக்கூடம் பட்டாசு ஆலைகளுக்குப் பத்து மைலுக்கு இந்தப் பக்கம் என்று தெரிந்தும், நான் பள்ளிக்கூடத்துக்குத்தான் போடுவேன். வாட்ச்மேனுக்கு என் குரல் பழகிவிட்டது. "பிள்ளை கணக்கு பீரியட்ல இருக்கு சார்" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லுவார்.

"மனசக் கொஞ்சம் கையில இறக்குங்க, ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்கோங்க" என்றார் டாக்டர். பாயிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் புது மெஷின் வாங்கியிருந்தார். பழையதைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்கட்டில் வைத்துவிட்டார். கூடவே ஒரு தாளை மெஷினின் பக்கவாட்டில் ஒட்டினார். தலைப்பு 'குறைகள்'. ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டிருந்தது. மேல் பிடி தளர்வாக இருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் முனகும். மேஜை அரை டிகிரி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இப்படி.

என் மனைவி தாளை முழுவதும் படித்தாள். "பாய், இம்புட்டுக் கொறை இருக்குறத எதுக்கு இவுகளுக்குக் குடுக்கீக?"

"மைனி, கொறை தெரிஞ்ச மெஷினு ஒண்ணும் செய்யாது."

அவள் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். மெஷின் ஓடும்போது பிள்ளை பக்கத்தில் நிற்கக் கூடாது. நான்தான் ஊரிலேயே பயந்தவன், என்னிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று சிரித்தேன்.

நான்கு மாதம் நன்றாகப் போனது. ரத்த அழுத்தம் இறங்கியது. கையில் பலகை இருக்கும்போது போனை எடுக்க முடியாது என்பதே பெரிய மருந்து.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. என் மனைவி ஏழாயிரம்பண்ணையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். நான் கிளி அறுத்துக்கொண்டிருந்தேன். நிவேதா கேட்ட கிளி. வந்து பக்கத்தில் நின்றாள். போ என்று சொல்லவில்லை. அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. மூக்கு வளைவு சின்னது. நிறுத்தி, மெதுவாகத் திருப்ப வேண்டும். மகள் பார்க்கிறாள் என்று நான் ஒரே ஓட்டத்தில் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பிளேடு முறிந்துவிட்டது. பிளேடு முறிவது சாதாரணம், வாரத்துக்கு இரண்டு முறியும். நான் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன்.

"அப்பா, கண்ணுல என்னமோ பட்டுச்சு."

குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் அடித்தேன். கண் சிவந்திருந்தது. "இப்பப் பரவால்லப்பா, லேசாப் பொகை மாதிரி தெரியுது" என்றாள். அந்த நேரத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அம்மா கேட்டா தூசின்னு சொல்லு. பைக்ல போகும்போது விழுந்துச்சுன்னு சொல்லு."

என்னை யாரும் கேட்காமல் நானே இதை எழுதுவதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

பைக்கில் அவளை ஏற்றினேன். எதிர்வீட்டு வாசலில் பாய். "என்ன அண்ணாச்சி, அவசரமா?" கண்ணில் தூசி என்றேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். மார்பு முழுவதும் மரத்தூள்.

ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிற கண் டாக்டர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். "என்ன விழுந்துச்சு?" என்று கேட்டார். நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கண்ணால்தான் பார்த்தாள். இன்னொன்றைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தாள். நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன்.

"தூசி டாக்டர்" என்றாள்.

விளக்கடித்துப் பார்த்தார். லேசான கீறல்தான், சொட்டு மருந்து போடுங்க, மூன்று நாள் கழித்து வாங்க என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது. எழுந்தோம். கதவைத் திறந்தால் பாய் நிற்கிறார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கையில் மடித்த ஒரு வெள்ளைத்தாள்.

"டாக்டர், ஒரு நிமிசம்."

தாளைப் பிரித்து மேஜையில் வைத்தார். மேலே ஒரு புது பிளேடு, டேப்பால் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே, என் மெஷினில் முறிந்த பிளேடின் இரண்டு துண்டுகளை, நுனிகள் புது பிளேடின் நுனிகளுக்கு நேராக வரும்படி ஒட்டியிருந்தார். நடுவில் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளிக்கு அடியில் பென்சிலால், எழுத்து விட்டுப்போன இடத்தில் அச்சகத்தில் போடுகிற குறியைப் போட்டிருந்தார்.

"கதவு தெறந்து கெடந்துச்சு, சாத்தலாம்னு அண்ணாச்சி வீட்டுக்குள்ள போனேன். மெஷின்ல பிளேடு ஒடஞ்சு தொங்குச்சு. எடுத்துச் சேர்த்து வச்சுப் பாத்தேன் டாக்டர். ரெண்டு துண்டும் சேர்ந்தா முழு அளவு வரணும். வரலை. ஒரு எள்ளளவு கொறையுது. மேஜை, தரை எல்லாம் காந்தம் வச்சுத் தேடிட்டேன். அங்க இல்லை."

டாக்டர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இரும்பா? தூசின்னு சொன்னீங்க?"

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏங்கொறை டாக்டர். மெஷினு என்னோடது. பிளேடுக்கு முன்னால கண்ணாடி மாதிரி ஒரு மூடி வரும். எனக்குக் கோடு மறைக்குதுன்னு நான்தான் கழட்டிப் போட்டேன். அண்ணாச்சிக்குக் குடுக்கும்போது ஏழு கொறை எழுதிக் குடுத்தேன். எட்டாவது இது. எழுதல. மறந்துட்டேன்."

டாக்டர் நிவேதாவை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார். வேறு மருந்து விட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, வேறு கண்ணாடி வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் கண் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

"உள்ள போயிருக்கு. இப்பவே மதுரைக்குக் கிளம்புங்க. இரும்பு கண்ணுக்குள்ள கிடந்தா துருப்பிடிக்கும். மூணு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா…"

வாடகைக் காரில் நிவேதா நடுவில், பாயும் நானும் இரண்டு பக்கம். சாயங்காலத்துக்குள் கண் போய்விடுமோ என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் பேசினாள். "பாய் மாமா, கிளி என்னாச்சு?"

"மூக்கு ஒடஞ்சிருச்சு தாயி."

"அப்ப அந்தக் கொறைய யாரு காட்டணும்? நானா, அப்பாவா?"

"அறுத்தவுகதான் காட்டணும்" என்றார் பாய். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

மதுரையில் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, போனில் தகவல் கேட்டு என் மனைவி வந்து சேர்ந்தாள். காதுகுத்துக்குக் கட்டிய பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் விருந்துச் சாப்பாட்டுப் பொட்டலம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடி வந்தாள். பாய் எழுந்தார். "மைனி, இதுல ஏங்கொறை…"

"நீங்க உக்காருங்க பாய்" என்றேன்.

பழக்கமில்லாத வேலை. "பிளேடு ஒடஞ்சிருச்சு" என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே அது சூலக்கரைத் தமிழ் என்று தெரிந்தது. நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தேன். "பிளேட நான்தான் ஒடச்சேன். அவசரப்பட்டுத் திருப்பினேன். பிள்ளையப் பக்கத்துல நிக்க விட்டேன். டாக்டர்கிட்ட தூசின்னு சொன்னது அவ. சொல்ல வச்சது நான். பாய் வந்திருக்காட்டி மருந்து விட்டுட்டு வீட்டுல உக்காந்திருப்போம்."

அவள் நின்றபடியே என்னைப் பார்த்தாள். "பிள்ளையவா பொய் சொல்லச் சொன்னீக?"

"ஆமா."

அவள் பாயின் பக்கம் திரும்பினாள். "பாய், காலைலருந்து ஏதாச்சும் சாப்பிட்டீகளா?" பொட்டலத்தை அவரிடம் கொடுத்தாள். எனக்கும் பசித்தது. கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா நாலு மணிக்கு வெளியே வந்தார். சின்ன வயது. கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. "எடுத்தாச்சு" என்றார். புட்டிக்குள் ஒன்று கிடந்தது. எறும்பின் கால் என்று சொல்லலாம்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். புட்டியைத் தாளின் மேல் வைத்து, இடைவெளிக்கு நேராக நகர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். புட்டியை நகர்த்தி மறுபடி பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இன்னும் ஒரு முடியளவு கொறையுதே டாக்டர்."

"ஐயா, நாங்க முழுசாப் பார்த்துட்டோம்."

"பாத்திருப்பீக தாயி. நானும் எங்க ஆபீஸ்ல முழுசாத்தான் பாப்பேன்."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். பிறகு புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுபடி படம் எடுக்கிறார்கள் என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. என் மனைவி என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அந்த இடம் மட்டும் கசங்கியிருந்தது, இஸ்திரி போட்டும் போகவில்லை. பாய் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. "ரெண்டு விதமாப் படம் எடுத்துட்டோம். உள்ள ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு. கட்டுப் பிரிச்சதும் நல்லாவே பார்ப்பா. கண்ணாடி மட்டும் போட வேண்டியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். பாய் மட்டும் உட்காரவில்லை.

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்லை ஐயா."

"அப்ப நான் அளந்ததுதான் கொறை!" என்றார். வராந்தா முழுவதும் கேட்டது. நர்ஸ் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அவரை நான் எத்தனையோ பொருட்களோடு பார்த்திருக்கிறேன். குறை சொல்லும்போது அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். எங்களிடம் காட்டினார். போதவில்லை. எதிர் பெஞ்சில் ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் போய்த் தாளை நீட்டி, விரலை வைத்தார்.

"இங்கன பாருங்க பெரியவரே. டேப்பு ஒட்டும்போதே நான் கோணலா ஒட்டியிருக்கேன். ஒரு முடியளவு. பூராவும் ஏங்கொறை."

பெரியவர் தாளை வாங்கி நல்ல கண்ணால் பார்த்தார். "நல்லாத்தானய்யா ஒட்டியிருக்கீக" என்றார்.

"இல்லை, இல்லை" என்று பாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "நல்லாப் பாருங்க."